புகையா, தூசியா? செயற்கைக்கோள் படத்தில் பிரித்தறிவது

கேள்வி: காலையில் தெளிவாகத் தெரிந்த காட்டுத்தீப் புகை மதியப் படத்தில் இல்லை. கலைந்துவிட்டதா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள், ஆபத்தான தவறு அது. நுண்துகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் சூரியன் தாழ்ந்து, செயற்கைக்கோளுக்கு எதிர்த் திசையில் இருக்கும்போதுதான் மெல்லிய புகை பளிச்சென்று தெரியும். உச்சிவேளையில் அதே புகை தரையின் நிறத்தோடு கலந்துவிடும். செயற்கைக்கோள் உங்கள் பகுதிக்குக் கிழக்கே நின்றால் மாலைப் படத்தையும், மேற்கே நின்றால் காலைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இரவில் அகச்சிவப்புப் படத்தில் புகையைத் தேடலாமா?

பதில்: பயனில்லை. புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது. அகச்சிவப்புப் படத்துக்கான 10 மைக்ரான் அலைநீளம் அதை ஊடுருவிப் போய்விடும். நிலவொளி நன்றாக உள்ள இரவில் வியர்ஸ் (VIIRS) என்ற செயற்கைக்கோள் கருவியில் மங்கிய ஒளியையும் பதிவுசெய்யும் பகலிரவுப் பட்டை ஓரளவு கைகொடுக்கும்.

கேள்வி: தூசியைக் காண எந்த நிறக் கலவை?

பதில்: இங்கே அகச்சிவப்புதான் ராஜா. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைநீளத்தில் தெரியும் வெப்பநிலையையோ, இரு அலைநீளங்களின் வெப்பநிலை வித்தியாசத்தையோ கொடுக்க வேண்டும். ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோளான மீட்டியோசாட்டின் செவிரி (SEVIRI) கருவிக்கான அளவுகள்: சிவப்பில் 12.0 கழித்தல் 10.8 மைக்ரான், -4 முதல் +2 கெல்வின் வரை. பச்சையில் 10.8 கழித்தல் 8.7, 0 முதல் 15 வரை, காமா (நிறத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யும் எண்) 2.5. நீலத்தில் 10.8 மட்டும், 261 முதல் 289 வரை. பகலில் தூசி இளஞ்சிவப்பாகவோ மெஜந்தாவாகவோ வரும். இரவில் தாழ்வான தூசி ஊதாவுக்குச் சாயும். தடித்த உயர்மேகம் கருஞ்சிவப்பு, மெல்லிய சிரஸ் (இழைபோன்ற உயர்மேகம்) கறுப்பு. கீழ்மட்டக் காற்றில் ஈரம் மிகுந்தால் தூசியின் அடையாளம் மங்கிவிடும், எனவே ஒற்றைப் படத்தை நம்பாமல் தொடர்படமாக ஓட்டிப் பாருங்கள். காற்றோடு நகரும் திட்டுதான் தூசி. அசையாமல் கிடப்பது பெரும்பாலும் நிலத்தின் நிறம்.

கேள்வி: தீ இருப்பதாகச் செயற்கைக்கோள் வரைபடத்தில் தீப்புள்ளி காட்டிய இடத்தில் தீயே இல்லையே?

பதில்: நீரில் மின்னும் சூரிய ஒளி, கொதிக்கும் வெறுந்தரை, எண்ணெய்க் கிணற்றின் எரிவாயுச் சுடர், எல்லாமே ஏமாற்றும். இன்னொன்று: புள்ளி குறிப்பது பிக்சலின் மையத்தை, தீயின் இடத்தையல்ல. வியர்ஸ் பிக்சல் 375 மீட்டர், மோடிஸ் (MODIS) கருவியில் 1 கிலோமீட்டர், அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான கோஸில் (GOES) 2 கிலோமீட்டர். படத்தின் விளிம்பை நோக்கிப் போகப் போக இவை இன்னும் பெருக்கும்.

கேள்வி: படத்தில் அடர்ந்த புகை, தரையில் காற்றின் மாசை அளக்கும் தரைமானியில் சுத்தமான காற்று. எது சரி?

பதில்: இரண்டும் சரி. செயற்கைக்கோள் காற்றுத்தம்பம் முழுவதையும் மேலிருந்து கூட்டிப் பார்க்கிறது. புகை 3 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகலாம். மூச்சுக்கு எது வருகிறது என்பதைத் தரைமானியிடம்தான் கேட்க வேண்டும்.