மூன்று மாத மசாஜ் பயிற்சியை முடித்துவிட்டு நீலகிரியில் வேலை தேட முடியுமா?

கேள்வி கேட்ட தங்கை கோத்தகிரியைச் சேர்ந்தவர் என்றும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பதாகவும், மூன்று மாதப் பயிற்சியும் வேலை உறுதியும் தருவதாக ஒரு நிறுவனம் அழைப்பதாகவும், வீட்டில் அம்மா மறுப்பதாகவும் எழுதியிருக்கிறார். வேலை கிடைக்கும். ஏப்ரல், மே மாதச் சீசனில் கை தேவைப்படாத விடுதியே ஊட்டியிலும் குன்னூரிலும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தை மட்டும் நம்பி ஒருவர் உடம்பின் மேல் கை வைக்காதீர்கள் என்று சொல்வதற்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன், ஏனென்றால் நான் அப்படிக் கை வைத்தவள்.

நான் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தேன். 1964 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தார். ஆடி மாதத்து மழையில் நனைந்த கொழுந்து காய்ந்த நாளைவிடக் கனமாக இருக்கும் என்பதும், அந்தப் பாரம் முழுவதையும் கழுத்தும் தோளும்தான் சுமக்கும் என்பதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவில் அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோள்மேட்டில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் திரண்டிருக்கும் முடிச்சைப் பெருவிரலால் அழுத்தச் சொல்வார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர், சிறிது நேரத்தில் அந்த முடிச்சு விரலுக்கடியில் இளகியதும் நீளமாக மூச்சு விடுவார். அந்த மூச்சுதான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

2008 இல் நானும் ஒரு மூன்று மாதப் பயிற்சியில்தான் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொடுத்தவை தவறானவை என்று சொல்ல மாட்டேன். ஸ்வீடிஷ் முறை என்று உலகம் முழுவதும் சொல்லப்படும் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிரச் செய்தல் ஆகிய ஐந்தையும் வரிசை மாறாமல் செய்யப் பழக்கினார்கள். எந்த இசைக்கு எந்த வேகம், துண்டை எப்படி மடிக்க வேண்டும், விருந்தினரை எப்படி வரவேற்க வேண்டும் என்பதெல்லாம் பாடத்தில் இருந்தன. கை வைக்கக்கூடாத உடம்பு எது என்பது மட்டும் தொண்ணூறு நாட்களில் ஒரு நாள்கூட வகுப்பில் பேசப்படவில்லை.

மறு ஆண்டு ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வந்தார். இரவு முழுவதும் ரயிலிலும் பிறகு காரிலும் உட்கார்ந்தே வந்ததாகவும், இடது ஆடுசதை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதாகவும், அந்த இடத்தை நன்றாக அழுத்திவிட வேண்டும் என்றும் கேட்டார். எண்ணெயைத் தடவியபோதே அந்தக் காலுக்கும் மற்றக் காலுக்கும் வேறுபாடு இருந்ததை என் உள்ளங்கை உணர்ந்தது. தோல் இறுகிப் பளபளப்பாக இருந்தது, தொட்டால் சூடாகவும் இருந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றியதே தவிர, அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து மேலாளரிடம் சொன்னேன். அடுத்த விருந்தினர் காத்திருக்கிறார், பயணக் களைப்புதான், அழுத்திவிடு என்றார். நான் திரும்பிப் போய்ப் பத்து நிமிடம் அந்த ஆடுசதையைப் பிசைந்தேன்.

மூன்றாம் நாள், அந்த அம்மையாருக்கு மூச்சு முட்டிக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. காலின் ஆழ்சிரையில் உறைந்திருந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். என் கை பட்டதால்தான் அது நகர்ந்தது என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை, தானாகவும் அது நகர்ந்திருக்கக்கூடும். ஆயினும் இல்லை என்று சாதிக்க எனக்கு வாயில்லை. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அங்கே கை வைக்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற ஒற்றை வாக்கியத்தை யாராவது எனக்குச் சொல்லித் தந்திருந்தால் போதும், மேலாளர் என்ன சொல்லியிருந்தாலும் நான் மறுத்திருப்பேன். தெரியாதவளால் மறுக்க முடியவில்லை.

அந்தச் சீசன் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, கூடலூரிலிருந்து நாடுகாணிக் கணவாய் வழியாகக் கீழே இறங்கி, மலப்புறம் மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையில் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் எங்களை எண்ணெயைத் தொடவே விடவில்லை. எலும்பு, தசை, இரத்த ஓட்டம் ஆகியவற்றைப் படித்தோம். மாலையில் ஒரு பயிற்சி உண்டு. ஆசிரியை தம் தலைமுடி ஒன்றை எடுத்து ஒரு பழைய கணக்குப் புத்தகத்தின் தாளுக்கு அடியில் வைப்பார், நாங்கள் கண்ணை மூடி விரல் நுனியால் அந்த முடி எங்கே, எந்தத் திசையில் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இரண்டாவது தாள், பிறகு மூன்றாவது. அழுத்தினால் முடி தெரியாது, விரலைத் தளர்த்தினால்தான் தெரியும். என் விரல் ஆறாவது தாளைத் தாண்ட மூன்று வாரம் பிடித்தது. அம்மாவின் தோளில் நான் அழுத்தத்தை மட்டுமே பழகியிருந்தேன், தேடுவதை அங்கேதான் பழகினேன்.

பிறகுதான் அப்யங்கம், அதாவது உடம்பு முழுவதும் எண்ணெய் தேய்த்து நீவுவது. உட்கார்ந்த நிலை, மல்லாந்த நிலை, பக்கவாட்டு நிலைகள், குப்புறப் படுத்த நிலை என்று ஏழு நிலைகளில், நோயாளியைப் படுக்க வைக்கும் பாத்தி என்ற மரப் படுகையின் இரு பக்கமும் இருவர் நின்று, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் செய்ய வேண்டும். எதிரே நிற்பவரின் கையைப் பார்க்காமலேயே அவருடைய வேகத்தை உணர்கிற வரையில் நோயாளியிடம் அனுப்ப மாட்டார்கள். எந்த நோயாளிக்குக் கொட்டஞ்சுக்காதித் தைலம், யாருக்குப் பிண்ட தைலம் என்பதை வைத்தியர் எழுதித் தருவார், நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. காய்ச்சல், தோல் தொற்று, புதிதாக ஏற்பட்ட எலும்பு முறிவு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், புடைத்த சிரை, சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம், கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள் என்று தவிர்க்க வேண்டியவற்றையும், வைத்தியரைக் கேட்டே தொட வேண்டியவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி ஒப்பிக்க வைத்தார்கள். அந்தப் பட்டியலில் ஆடுசதையின் பெயர் வந்த நாளில் நான் வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன்.

கேரளத்துக்குப் போனால்தான் தொழில் வரும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகை சொல்லப்பட்டிருக்கிறது. வர்மம் அறிந்த ஆசானிடம் பல ஆண்டுகள் இருந்து கற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு முன்னால் நான் மாணவிதான். அதேபோல, குறுகிய காலப் படிப்பு படித்த எல்லோரையும் குறை சொல்லவும் இல்லை. அதை முதல் படியாக வைத்துக்கொண்டு மேலே கற்றவர்கள் பலர் என்னோடு வேலை செய்கிறார்கள்.

சட்டம் கேட்காததால்தான் மூன்று மாதமே போதும் என்று விளம்பரம் செய்ய முடிகிறது. மசாஜ் செய்பவருக்கென்று நம் நாட்டில் தனி உரிமத் தேர்வு கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் வேண்டும், பல மாநிலங்கள் 500 மணி நேரத்துக்குக் குறையாமலும், நியூயார்க் மாநிலம் 1,000 மணி நேரமும் பயிற்சி கேட்கின்றன. இங்கே உள்ளது, தொழிற்பயிற்சிகளை நிலை வாரியாக வகைப்படுத்தும் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் (NSQF). 2013 இல் அறிவிக்கப்பட்ட அதன் கீழ் ஸ்பா தெரபிஸ்ட், பஞ்சகர்மா டெக்னீஷியன் ஆகிய பயிற்சிகள் உள்ளன. நீங்கள் சேரும் படிப்பு அதன் கீழ் வருகிறதா, வெறும் தங்க எழுத்துத் தாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் நீங்கள் பிசியோதெரபிஸ்ட்டோ வைத்தியரோ ஆகிவிட மாட்டீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அவை நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட படிப்புகள்.

உங்கள் உடம்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முதல் வேலையில் மேசை எனக்கு உயரமாக இருந்தது. உடம்பின் எடையை இறக்க முடியாமல் பெருவிரலாலேயே அழுத்தி, ஒரே சீசனில் அதன் அடிமூட்டைக் கெடுத்துக்கொண்டேன். இன்றும் மார்கழிக் குளிரில் அது வலிக்கிறது. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல் முட்டிகள் மேசையைத் தொட வேண்டும், அதுதான் ஏறத்தாழச் சரியான உயரம். ஆழமான அழுத்தத்துக்கு முன்கையையும், பின்காலிலிருந்து வரும் எடையையும் பயன்படுத்தப் பழக வேண்டும்.

நம் மலைக்கே உரிய தைலங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் நீலகிரித் தைலத்தாலேயே தேய்க்கச் சொல்வார்கள், கடைக்காரர்களும் அப்படியே விற்கிறார்கள். நீலகிரித் தைலம் என்கிற யூகலிப்டஸ் தைலத்தை நேரடியாகத் தோலில் ஊற்றித் தேய்க்கக் கூடாது. 100 மில்லி நல்லெண்ணெய்க்கு 2 மில்லி போதும். விண்டர்கிரீன் தைலத்தில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட் என்பதால், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதைத் தடவினால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் எண்ணெய்ப் புட்டியைத் திறக்காதீர்கள்.

இனி உங்கள் அம்மாவின் மறுப்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. குன்னூரில் எனக்கு வாடகைக்கு வீடு தர ஒப்புக்கொண்ட ஒருவர், என் வேலை என்னவென்று தெரிந்ததும் முன்பணத்தை அன்றே திருப்பித் தந்தார். நோயாளியின் முதுகைத் தொடும் செவிலியரை வணங்குகிறவர்கள், அதே முதுகை அதே கவனத்தோடு தொடும் எங்களை வேறு மாதிரி பார்ப்பது என்னை இன்றும் புண்படுத்துகிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஸ்பாக்களுக்குள் கண்காணிப்புக் கேமரா பொருத்த உத்தரவிட்டார். அடுத்த மாதமே மதுரைக் கிளையின் மற்றொரு நீதிபதி, அது தனிமனித அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று வேறு விதமாகத் தீர்ப்பளித்தார். தவறு செய்யும் இடங்கள் இருக்கின்றன, அவற்றைத் தண்டிக்கட்டும், ஆனால் துணி விலக்கிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் மேல் கேமராவைத் திருப்புவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்ற வழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் இடத்தில் மட்டும் சேருங்கள். சேருவதற்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அறையைக் காட்டுங்கள். என் அம்மா வைத்தியசாலைக்கு வந்து பாத்தியையும், வாணலியில் சூடாகிக்கொண்டிருந்த கிழி என்ற மருந்துத் துணிப் பொட்டலத்தையும் பார்த்த பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அந்த நிறுவனத்தில் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உடற்கூற்றியல் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். உண்மையான ஆட்களின் மேல், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, எத்தனை முறை செய்ய விடுவார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, நெடும்பயணம் செய்து வந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பாடம் நடத்துகிறவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மெதுவாக நீவிவிடுவோம் என்று பதில் வந்தால், பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.