துணியிலிருந்து கடலுக்கு – கடிதம்

வணக்கம்,

கடலில் கலக்கும் நுண்பிளாஸ்டிக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் நான் விட்டு மூன்று வருடமாகிறது. இனி என் வீட்டிலிருந்து கடலுக்கு எதுவும் போகாது என்று நம்பலாமா? ஏற்கெனவே கடலில் இருப்பதை வலைபோட்டு அள்ளிவிட முடியாதா?

ம.

அன்புள்ள ம.,

பையையும் பாட்டிலையும் விட்டது நல்ல காரியம். அவைதான் வெயிலிலும் அலையிலும் நொறுங்கி, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாகின்றன. ஆனால் இன்னொரு வழி உங்கள் வீட்டில் இன்னும் திறந்திருக்கிறது: துணி துவைத்த தண்ணீர். பாலியெஸ்டர், அக்ரிலிக், நைலான் எல்லாமே பிளாஸ்டிக் இழைகள்தான். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். துகளாகவே கடலுக்குப் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் துணிகளிலிருந்தும், 28 சதவீதம் வண்டி டயர்கள் தேய்வதாலும் வருகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு மதிப்பீடு இது. இதையெல்லாம் யாரும் குப்பை என்று வீசுவதில்லை. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைப் பிடித்துவிடும், சரி. பிடித்தது சேற்றில் தங்கும். அந்தச் சேற்றைப் பல நாடுகளில் வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். அப்புறம் மழை வந்தால் மறுபடியும் ஆறுதான்.

கடலில் அள்ள முடியாது. இந்தத் துகள்களும் மிதவை உயிரிகளும் மீன் முட்டைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. வலையில் அத்தனையும் சேர்ந்து வரும். தவிர, எல்லாம் மேலேயே மிதப்பதுமில்லை. பசிபிக் கடலின் மிக ஆழமான பள்ளமான மரியானா அகழியில் 6,000 மீட்டருக்கும் கீழே பிடித்த, இறால் போன்ற ஓர் உயிரின் குடலில் பிளாஸ்டிக் இழை கிடைத்தது. அதுவரை பெயரே இல்லாத இனம் அது. 2020இல் அதற்கு யூரிதெனிஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். நாம் அதை அறிவதற்கு முன்பே நம் கழிவு அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

உங்களால் முடிந்தது: செயற்கைத் துணிகளை அடிக்கடி துவைக்காதீர்கள். துவைத்தால் மெஷின் நிறையப் போட்டு, சூடாக்காத தண்ணீரில், சீக்கிரம் முடியும்படி. மென்துணிகளுக்கான சுற்றுதான் நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். அதில் தண்ணீர் கூடுதலாக ஓடுவதால் இழை அதிகம் உதிர்கிறதாம். புது மெஷின்களில் இழைகளைப் பிடிக்கும் வடிகட்டி வேண்டும் என்று பிரான்ஸ் 2020இலேயே சட்டம் போட்டது. அடுத்த மெஷின் வாங்கும்போது, அந்த வடிகட்டி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.