கர்ப்ப காலத்து மனச்சோர்வு: கேள்வி பதில்

மனநலப் பிரிவில் தாதியாக இருந்தவள் நான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாழைச்சேனை, தாய்: மகளுக்கு ஆறாம் மாசம். சாப்பாடு இறங்குதில்ல, விடியச்சாமம் எழும்பிக் குந்தியிருக்கிறாள். மசக்கையா?

மசக்கை பெரும்பாலும் அஞ்சாம் மாசத்துக்குள்ள அடங்கிரும் அம்மா. முன்னே பிடித்த எதிலாவது இப்பவும் ஆசை இருக்கா என்று பாருங்க. ரெண்டு கிழமையாக எதிலும் நாட்டமில்லாட்டி மனச்சோர்வாக இருக்கலாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் இதே சோர்வைக் காட்டும், அதனால கிளினிக்கில் இரத்தமும் சோதிக்கச் சொல்லுங்க.

களுவாஞ்சிக்குடி: மனத்தைரியம் இல்லாத பெண்களுக்குத்தான் வருமா?

இல்ல. தைரியசாலிகளுக்கும் வரும். வளர்ந்துவரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் மனநலக் கோளாறு வருகிறது, அதில் பெரும்பங்கு மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்னொரு காலம் மனச்சோர்வு வந்தவருக்கு ஆபத்து கூட. புருஷனின் அடி, ஏச்சு அதற்குக் குறைந்ததில்ல. முன்னே கரு கலைந்தது, பிள்ளை தவறியது, நினையாமல் தரித்தது, காசுமுடை எல்லாம் சேரும். நுண்கடன் தவணை கேட்டு ஆள் வாசலில் நிற்கிற வீட்டில் எந்தப் பெண் நிம்மதியாகத் தூங்குவா?

எங்கட பக்கம் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனைக் கூட்டி வைக்கிற வழக்கம். "தாயோடதானே இருக்கா, என்ன குறை" என்று ஊர் சொல்லும். அந்தத் தாய் குவைத்தில் வீட்டுவேலையில் இருந்தால்? துணை இருக்கா என்று விசாரிக்கும்போது, வீட்டில் யார் யார் என்று பேர் பேராகக் கேட்கவேணும்.

அக்கரைப்பற்றுக்காரர், கட்டாரிலிருந்து: போன் எடுத்தாலே மனைவி அழுறா.

லீவு கிடைத்தால் வாங்க தம்பி. கிடைக்காட்டி "அழாதீங்க" என்று தடுக்காமல் அழவிட்டுக் கேளுங்க. காசுக் கதையை வேற நாளைக்கு வையுங்க.

ஏறாவூர்: மனச்சோர்வுக் குளிசையைக் கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திட்டன்.

எழுதித் தந்த டொக்டரை இந்தக் கிழமையே பாருங்க. நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிற வல்புரோயேட் போன்றதைக் கர்ப்பத்தில் டொக்டர் மாற்றத்தான் வேணும். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகளை நன்மை தீமை பார்த்துத் தொடரச் சொல்வதுண்டு.

காத்தான்குடி, மாமி: ஓதிப் பார்த்தம், பிழையா?

பிழையில்ல, ஓதுங்க. கிளினிக்கும் தவறக்கூடாது. மருந்தை நிறுத்து என்று யாரும் சொன்னால் கேட்காதீங்க.

திருக்கோவில்: செத்தால் நல்லம் என்று தோணுது.

தங்கச்சி, இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க, தனியாக இருக்காதீங்க. இலங்கையின் மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்க, இல்லாட்டி கிட்டடி ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டார் வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலை வீட்டை விட்டே அகற்றவேணும்.

கொக்கட்டிச்சோலை: மிட்வைஃப் எங்கட ஊர்க்காரி. சொன்னால் கதை பரவாதா?

பயம் நியாயம்தான். அப்ப கிளினிக் டொக்டரிடம் தனியாகக் கதைக்கவேணும் என்று கேளுங்க. மனச்சோர்வு இருக்கா என்று பார்க்க எடின்பரோ படிவம் என்று பத்துக் கேள்வித் தாள் ஒன்று உண்டு, வாயால சொல்லத் தயங்குறதை அதில் எழுத்தில் அடையாளமிட்டுக் கொடுக்கலாம். வீட்டில் அடி நடந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கும் எடுக்கலாம்.