மாடியில் இருக்கும் மாநகராட்சி அலுவலகம்: ஏற முடியாதவர் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் நடமாடுபவள், என் கணவர் பார்வையற்றவர். மாமனார் காலமான பிறகு வீட்டின் சொத்து வரியைக் கணவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். அசல் ஆவணங்களுடன் நேரில் வரச் சொன்னார்கள். மண்டல அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. கீழிருந்து கேட்டதற்கு, ‘வேறு யாரையாவது அனுப்புங்கள்’ என்றார்கள். இணையத்தில் வரி கட்டும்போதும் கடைசியில் வரும் கேப்ட்சா (கட்டுபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் எழுத்துப் படம்) படத்தை நான் பார்த்துச் சொன்னால்தான் கணவரால் முடிக்க முடிகிறது. இதில் எங்களுக்குச் சட்டப்படி உரிமை ஏதும் உண்டா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உண்டு. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஒரு மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையைப் பயன்படுத்துவதற்குத் தேவையான மாற்றத்தையோ ஏற்பாட்டையோ ‘நியாயமான தகவமைப்பு’ என்று வரையறுக்கிறது. அதை மறுப்பதே பாகுபாடு என்று அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. ‘அரசு நிறுவனம்’ என்பதற்கு அச்சட்டம் தரும் பொருளில் உள்ளாட்சி அமைப்புகளும் அடங்கும் என்பதால், ‘அது மத்திய அரசின் சட்டம், எங்களுக்குப் பொருந்தாது’ என்று எந்த மாநகராட்சியும் சொல்லிவிட முடியாது. ‘வேறு யாரையாவது அனுப்புங்கள்’ என்ற பதில் உதவியாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தேவைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அலுவலகத்துக்கு லிஃப்ட் வேண்டும் என்பது ஒன்று. பெயர் மாற்றம் இந்த மாதமே நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது கட்டடத்தின் அணுகல்தன்மை பற்றியது. அதற்கு மதிப்பீடு, நிதி, ஒப்பந்தப்புள்ளி எனப் பல படிகள் உண்டு, மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவதற்கோ, சம்பந்தப்பட்ட ஊழியர் உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கி வந்தால் போதும். ‘அளவுக்கு மீறிய சுமை’ ஏற்படுத்தாத ஏற்பாடுகளையே கேட்க முடியும் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஒருவர் மாடிப்படி இறங்கி வருவதை எந்த அலுவலகமும் அப்படிப்பட்ட சுமை என்று வாதிட முடியாது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், லிஃப்டைக் காரணம் காட்டிப் பெயர் மாற்றமும் கிடப்பில் போய்விடும் என்பதால், தனித்தனி மனுக்களாகவே கொடுங்கள்.

என்னிடம் வரும் மனு வரைவுகளில் பெரும்பாலானவை ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து’ என்று தொடங்குகின்றன. அந்தச் சொல்லை நான் ஒவ்வொரு முறையும் அடித்துவிடுகிறேன். கருணை மனுவுக்கு மறுப்பைப் பதிலாகத் தரலாம். உரிமை மனுவை மறுப்பவர் காரணம் எழுத வேண்டியிருக்கும். மண்டல உதவி ஆணையருக்கு முகவரியிட்டு, ஆணையருக்கு நகல் வைத்து, ஏறக்குறைய இப்படி எழுதலாம்: “நான் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் மாற்றுத்திறனாளி. எங்கள் விண்ணப்பம் தொடர்பான வருவாய்ப் பிரிவு முதல் மாடியில் இருப்பதாலும் லிஃப்ட் இல்லாததாலும் என்னால் அங்கு வர இயலவில்லை. ஆகவே இந்த வாரத்தில் தாங்கள் குறிக்கும் நாளில், தரைத்தளத்தில் அசல் ஆவணங்களைச் சரிபார்த்து ஒப்புகை வழங்குமாறு, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 3ஆம் பிரிவின்படி நியாயமான தகவமைப்பைக் கோருகிறேன். இயலாதெனில் காரணத்தை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவும்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தக் காரணம்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையின் (UDID) நகலை இணையுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நாற்பது விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்பு உள்ளவர்கள் தங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. நாற்பது விழுக்காடு என்ற அளவு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட பலன்களுக்கு உரியது. நியாயமான தகவமைப்பைக் கோர அந்த அளவு தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், தேர்வில் எழுத்தர் உதவி கேட்ட ஒருவரின் வழக்கில் தெளிவாக்கியது.

கணவரின் சிக்கலுக்குத் தனி மனு வேண்டும். அதை அவர் பெயரிலேயே எழுதுங்கள். முகத்தை அசைக்கச் சொல்லியும் கண்ணை இமைக்கச் சொல்லியும் கேட்கும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பால் அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களும் பார்வையற்றவர்களும் ஒதுக்கப்படுவது குறித்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணு வழி அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஒலிவடிவ கேப்ட்சாவோ, செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ மாற்றாக வேண்டும் என்று அவர் கேட்கலாம். பலர் கேட்க மறப்பது ஒன்று: வரி கேட்பு அறிவிப்பு ஸ்கேன் செய்த படமாக வந்தால், திரையிலுள்ள எழுத்தை ஒலியாக வாசிக்கும் திரைவாசிப்பான் பேசாது. யூனிகோடு எழுத்தில் மின்னஞ்சலில் அனுப்பும்படி அதே மனுவில் சேருங்கள். அவர் படிக்கும் முறையை ஒரு வரியில் விளக்கினால், மறுமுனையில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உடனே புரியும்.

கட்டடம் பற்றிய மனுவுக்கு வருகிறேன். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். ஐந்தாண்டு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைத் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இவ்விரண்டையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

அதோடு அளந்தும் எழுதுங்கள். ஒரு நகராட்சி அலுவலகத்தில் நான் பார்த்த சாய்தளம், மூன்று படிகளின் உயரத்தை இரண்டே மீட்டரில் ஏறியது. அதன் அடியில் இருசக்கர வாகனங்கள் நின்றன. மேல்முனையில், வாசலுக்கு முன், இன்னொரு படி இருந்தது. கோப்பில் அது ‘சாய்தளம் உண்டு’ என்றே இருக்கும். ஏற்கத்தக்க சரிவு 1:12, அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்குப் பன்னிரண்டு செ.மீ. நீளம். பதினைந்து செ.மீ. கொண்ட மூன்று படிகளுக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அளவு நாடாவை வைத்து எடுத்த ஒரு புகைப்படம் பத்து வரிப் புலம்பலைவிட வலுவானது.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முடியாவிட்டால் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் ‘வாங்கம்மா, பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால், பேசியவரின் பதவியையும் நேரத்தையும் குறித்து அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பதினைந்து நாள் பார்த்தும் அசைவில்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுங்கள். மனு எந்த மேசையில் நிற்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கணவர் கேட்டால், அவர் ஆவணத்தை அணுகுவதற்கு உதவ வேண்டிய கடமை அச்சட்டத்தின் 7(4) பிரிவின்படி பொதுத் தகவல் அலுவலருக்கு உண்டு.

அதற்கு மேலே இருப்பவர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். மாநகராட்சி ஆணையரும் ‘ஆணையர்’ என்பதால் மனுக்கள் இடம் மாறிப் போவதுண்டு. உறையின் மேல் பதவியின் பெயரை முழுமையாக எழுதுங்கள். உரிமை மறுப்பை விசாரிக்கும்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அவருக்கு உண்டு. அவரிடம் முறையிட வழக்கறிஞர் கட்டாயமில்லை. அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை மாநகராட்சி மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால், அதற்கான காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் அவருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். முத்திரையிட்ட நகல், புகைப்படங்கள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைத்து, நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.