ஊதாவுக்கு அப்பால்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: அல்ட்ரா வயலட் என்றால் மிக அடர்த்தியான ஊதா நிறம் என்றுதான் நினைத்திருந்தேன். சரிதானா?

பதில்: இல்லை. கடைச்சரக்குகளில் 'அல்ட்ரா' என்று பார்த்துப் பார்த்து, 'ரொம்ப' என்றே அதற்குப் பொருள் கொள்ளப் பழகிவிட்டோம். லத்தீனில் அதற்கு 'அப்பால்' என்று பொருள். எனவே இது நிறத்தின் பெயரே இல்லை. ஓர் இடத்தின் பெயர். ஊதா முடிந்த பிறகு வரும் இடம். 1801இல் ஜெர்மனியில் ரிட்டர் என்ற அறிவியலாளர், முப்பட்டகம் பிரித்துக் காட்டிய நிறங்களில் வெள்ளிக் குளோரைடு பூசிய தாளை வைத்துப் பார்த்தார். ஊதாவில் தாள் வேகமாகக் கறுத்தது. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் இன்னும் வேகமாகக் கறுத்தது. அங்கே விழுந்த கதிர்தான் இது, தமிழில் 'புற ஊதா'; சுருக்கமாக யூவி. அதன் அலைநீளம் 100 முதல் 400 நானோமீட்டர் வரை.

கேள்வி: அகச்சிவப்பும் (இன்ஃப்ரா ரெட்) கண்ணுக்குத் தெரியாது, புற ஊதாவும் தெரியாது. பிறகு ஏன் ஒன்று 'அக', மற்றொன்று 'புற'?

பதில்: அருமையான கேள்வி. நானும் இதில் வெகுநாள் தடுமாறியிருக்கிறேன். இரண்டுமே நாம் காணும் ஒளிக்கு வெளியேதான் இருக்கின்றன. சிவப்பைவிட அதிர்வெண் குறைந்தது அகச்சிவப்பு, ஊதாவைவிடக் கூடியது புற ஊதா. 'இன்ஃப்ரா', 'அல்ட்ரா' என்ற லத்தீன் சொற்கள் 'கீழே', 'அப்பால்' என்று அதைத்தான் சொல்கின்றன. தமிழில் அகம், புறம் என்ற நம் பழைய இணை கைக்கு எளிதாக வந்துவிட்டது. ஆனால் வானவில்லை நினைத்துப் பாருங்கள். பளிச்சென்று தெரியும் முதல் வில்லில் சிவப்பு வெளி விளிம்பில், ஊதா உள் விளிம்பில். அப்படியானால் வானத்தில் புற ஊதா வில்லின் உட்பக்கமும் அகச்சிவப்பு வெளிப்பக்கமும் அல்லவா வரும்! பெயரைப் பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டியாக வேண்டாம்.

கேள்வி: இலங்கைப் பாடநூல் ஒன்றில் 'கழியூதா' என்று படித்தேன். அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை, அங்கே வழங்கும் கலைச்சொல். கழிதல் என்றால் கடந்துபோதல். ஊதாவைக் கடந்தது கழியூதா. 'அல்ட்ரா'வின் பொருளை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்த சொல் தமிழகத்தில் பரவாமல் போனது எனக்கு உண்மையாகவே வருத்தம். அகச்சிவப்பை அவர்கள் 'செந்நிறக்கீழ்' என்பார்கள். அதுவும் மூலத்துக்கு நெருக்கம். ஆனால் தமிழக வாசகருக்கு எழுதும்போது 'புற ஊதா' என்றே எழுதுங்கள், உடனே புரியும்.

கேள்வி: எங்கள் வீட்டு யூவி வாட்டர் பியூரிஃபையரில் தெரியும் நீல வெளிச்சம்தானே கிருமியைக் கொல்கிறது?

பதில்: நீலம் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. அந்த விளக்கினுள் பாதரச ஆவி இருக்கிறது. அது தரும் 254 நானோமீட்டர் கதிர்தான் கிருமியின் டிஎன்ஏவைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்கிறது. அதை நாம் பார்க்க முடியாது. கூடவே கொஞ்சம் நீல ஒளியும் வருவதால் விளக்கு எரிவது தெரிகிறது. மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். அப்புறம், தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமிகள் துகள்களின் மறைவில் தப்பிவிடும். உப்பை இது குறைக்கவே குறைக்காது.

கேள்வி: ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் உட்கார்ந்தால் வைட்டமின் டி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அதற்குத் தேவையான யூவி-பி என்ற வகைப் புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். தோலில் சுருக்கம் வரக் காரணமான இன்னொரு வகை, யூவி-ஏ மட்டும் நிறையவே உள்ளே வரும். சன்ஸ்கிரீன் டப்பாவில் உள்ள எஸ்பிஎஃப் எண்ணும் முக்கியமாக யூவி-பிக்கான கணக்கு. யூவி-ஏ பாதுகாப்புக்கு 'பிஏ' என்பதன் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: மனிதர் யாருமே இதைப் பார்த்ததில்லையா?

பதில்: பார்த்தவர்கள் உண்டு. நம் விழித்திரைக்கு இந்தக் கதிரை ஓரளவு உணரும் திறன் இருக்கிறது. முன்னால் இருக்கும் விழிவில்லைதான் அதை உறிஞ்சிக்கொள்கிறது. முன்பெல்லாம் கண்புரை அறுவையில் வில்லையை எடுத்துவிட்டு, கண்ணுக்குள் வேறு வில்லை வைக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட சிலருக்கு 400 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள கதிர் வெளிறிய நீலமாகத் தெரிந்திருக்கிறது. இப்போது பொருத்தும் செயற்கை வில்லைகள் பொதுவாகப் புற ஊதாவைத் தடுப்பவை. தேனீக்களுக்கோ இது அன்றாடக் காட்சி: நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரியும் சில பூக்களில், தேன் இருக்கும் நடுப்பகுதி அவற்றுக்குத் தனியாகத் தெரியும்.

கேள்வி: 'புற ஊதா கதிர்' சரியா, 'புற ஊதாக் கதிர்' சரியா?

பதில்: 'புற ஊதாக் கதிர்'. க் மிகும்.