மகள் கோயிலுக்கு வர மறுக்கிறாள் என்று கேட்ட மதுரைத் தம்பிக்கு

தம்பி, மதுரையில் வெள்ளிதோறும் மீனாட்சி சன்னதிக்கு உங்களோடு வந்த மகள், ஹூஸ்டனுக்கு வந்த எட்டே மாதத்தில், 15 வயதில், "எனக்கு நம்பிக்கை இல்லை" என்கிறாளே, இந்த ஊர் அவளைக் கெடுத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் கெடுக்கவில்லை. மதுரையில் நீங்கள் பார்த்தது அவளுடைய நம்பிக்கை மட்டுமன்று, தெருவுடையதும்தான்.

நான் செல்லூரில் வளர்ந்தவன். சித்ரா பௌர்ணமி விடியலில், செம்பு நிறையச் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாய் கட்டி, மேலே சூடம் ஏற்றி, வைகைக்குள் நெரிசலில் நின்று அழகருக்குக் காட்டும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நானும் 'கோவிந்தா' என்று கத்தியிருக்கிறேன். அதை நம்புகிறாயா என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை.

பதின்பருவத்து நம்பிக்கை பெரும்பாலும் வேண்டியவர்களின் முகம் பார்த்து உருவாகிறது என்றும், அதைத் தள்ளி நின்று ஆராயும் நிலை அதற்குப் பின்னர்தான் வருகிறது, சிலருக்கு வருவதேயில்லை என்றும் ஜேம்ஸ் ஃபவுலர் என்ற அமெரிக்க அறிஞர் 1981-இல் எழுதினார். அப்படிப் பார்த்தால், உங்கள் மகளின் மறுப்பும் அவளே யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டியதில்லை. அங்கே தெருவோடு ஒத்துப்போனவள், இங்கே பள்ளித் தோழிகளோடு ஒத்துப்போகலாம். எனவே, எதை நம்பவில்லை என்று அவளிடமே பொறுமையாகக் கேளுங்கள். குறிப்பாக ஏதேனும் சொன்னால், அது அவளுடைய சொந்தக் கேள்வி.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் மகனுக்கு 14 வயதிருக்கும்போது, "தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிட்டதென்று அழகர் கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போனதாகச் சொல்கிறீர்களே, தேனூரில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்து இணைத்தார் என்றும் சொல்கிறார்களே, அப்படியானால் கதை பிறகு வந்ததா?" என்று கேட்டான். "சாமி விஷயத்தில் வாயாடாதே" என்றேன். அதன்பின் ஈராண்டுகள், ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் உள்ள மீனாட்சி கோயிலுக்கு எங்களோடு வந்தும், காரைவிட்டு இறங்காமல் கைபேசியோடு உட்கார்ந்திருந்தான். அழகர்மேல் அக்கறை இல்லாதவன் தேனூர் வரைக்கும் போய்த் தேடியிருப்பானா என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆகவே அவளைக் கோயிலுக்கு இழுக்காதீர்கள். வீட்டில் விளக்கேற்றுவதையும் நிறுத்தாதீர்கள். விடை தெரியாவிட்டால் தெரியாதென்றே சொல்லுங்கள்.

மகனுக்கு இப்போது 24 வயது. நம்புகிறானா என்று நான் கேட்பதில்லை. சென்ற சித்திரையில் மதுரைக்குப் போயிருந்தவன், ஆற்றங்கரையிலிருந்து கூப்பிட்டு, அழகர்மேல் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுவது ஏன் என்று கேட்டான். தெரிந்த பாதியைச் சொல்லிவிட்டு, மீதியைப் பாட்டியிடம் கேட்கச் சொன்னேன்.