பழசைப் போட்டு புதுசு எடுக்கலாமா?

கார் கேள்வி-பதில்

போன இதழில், பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் எடுக்கிற எக்ஸ்சேஞ்ச் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். மதுரையில் ஒரு ஷோரூமில் பழைய வண்டிக்கு விலை போடுகிற வேலையில் பதினோரு வருடம் இருந்தவன் நான். அதற்கு முன்னால் பட்டறை. மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன கணக்கு ஓடும் என்று தெரியும் என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடையது 2017 வேகன்-ஆர், 62,000 கிலோமீட்டர், நான்தான் முதல் ஓனர், ஒரு முறைகூட இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணியதில்லை. ஒரு ஷோரூமில் 3,60,000 தருகிறோம் என்கிறார்கள். இன்னொன்றில் 3,15,000-க்கு மேல் ஏற மறுக்கிறார்கள். புது வண்டி இரண்டு இடத்திலும் ஒரே மாடல்தான். வீட்டில் முதல் கடைக்கே போகலாம் என்கிறார்கள். சரிதானே ஐயா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டு கொட்டேஷனையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், நல்ல காரியம். அதை வைத்தே பேசுவோம்.

முதல் கடையில் புது வண்டி ஆன்-ரோடு, அதாவது வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 9,40,000. தள்ளுபடி என்று எதுவும் எழுதவில்லை. பழைய வண்டியைக் கொடுப்பதற்காகக் கம்பெனி கொடுக்கிற எக்ஸ்சேஞ்ச் போனஸும் அந்த 3,60,000-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது, பாருங்கள். ஆக உங்கள் கையிலிருந்து போவது 5,80,000.

இரண்டாவது கடையிலும் அதே 9,40,000. ஆனால் தள்ளுபடி 48,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் தனியாக 25,000. பழைய வண்டிக்கு 3,15,000. கழித்துப் பாருங்கள்: 5,52,000. குறைவாக விலை சொன்ன கடையில் உங்களுக்கு 28,000 மிச்சம்.

இந்த வித்தையை நானே நூறு தடவையாவது செய்திருக்கிறேன். வருகிறவர் மனதில் பழைய வண்டிக்கு ஒரு தொகை இருக்கும். பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் அது வெளியே வந்துவிடும். அந்தத் தொகையை நாங்கள் கொடுத்துவிடுவோம், புது வண்டித் தள்ளுபடியில் கை வைத்துவிடுவோம். அவரும் சந்தோஷமாகப் போவார். நகைக்கடையில் பழசைப் போட்டு புதுசு எடுக்கும்போது அன்றைய ரேட்டாவது போர்டில் எழுதியிருக்கும். சேதாரத்தில் மட்டும்தான் விளையாட முடியும். காருக்கு ஏது போர்டு? பேரீச்சம்பழக்காரரிடம் பித்தளைச் சொம்பைக் கொடுத்துவிட்டு எத்தனை பழம் என்று எண்ணுகிற கதைதான்.

அதனால் முதலில் புது வண்டி விலையை மட்டும் பேசி, எழுதி வாங்குங்கள். பழைய வண்டி இருக்கிறது என்றே காட்ட வேண்டாம். பஸ்ஸில் போனாலும் தப்பில்லை. அது முடிந்த பிறகு, "ஆமாம், வீட்டில் ஒரு வேகன்-ஆர் நிற்கிறது" என்று ஆரம்பியுங்கள். அவர்கள் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

இன்னொன்று. இரண்டு கொட்டேஷனிலும் இன்சூரன்ஸ் முழுப் பிரீமியமாகப் போட்டிருக்கிறார்கள். கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் ஓடினால் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 50 சதவீதம். அது வண்டிக்குச் சொந்தமானது இல்லை, உங்களுக்குச் சொந்தமானது. பழைய வண்டி கைமாறியதற்கான தாளைக் காட்டி, உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கடிதம் மூன்று வருடம் செல்லும். ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 18,000 என்றால் 9,000 குறையும். ஷோரூமில் தானாகச் சொல்ல மாட்டார்களா என்றால், நான் வேலையில் இருந்தபோது கேட்டவர்களுக்குத்தான் சொன்னோம்.

கேள்வி: ஷோரூமில் காட்டும் முன் வண்டியை டிங்கரிங், பெயின்டிங் செய்து பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோனால் கூட விலை கிடைக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் 15,000 செலவு செய்தால் போதும் என்கிறார்.
— வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பதினைந்தாயிரம் திரும்பாது. புதுப் பெயின்ட்டைப் பார்த்ததும் எங்களுக்கு முதலில் வருவது சந்தேகம்தான்: எதை மறைக்கிறார்கள்?

விலை போடுகிறவன் என்ன பார்ப்பான் என்று சொல்கிறேன். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பேனலுக்குப் பேனல் நிறம் ஒத்துப்போகிறதா என்று வெயிலில் பார்ப்போம். அப்புறம் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பெயின்ட் கனம் அளப்போம். கம்பெனிப் பெயின்ட் என்றால் நூறு மைக்ரான் பக்கத்தில் நிற்கும். உள்ளே நசுங்கலை நிரப்பப் பட்டி பூசியிருந்தால் முந்நூறு, நானூறு என்று ஓடும். கருவி வருவதற்கு முன்னால் விரல் முட்டியால் தட்டித்தான் பார்ப்போம். பட்டி போட்ட இடம் 'டொக்' என்று செத்த சத்தம் கொடுக்கும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பீர்களே, அதேதான்.

பானெட்டைத் திறந்தால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பானெட் போல்ட்டைப் பார்ப்பேன். ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் பானெட் ஒரு முறை கழன்றிருக்கிறது. கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் உள்ளே கம்பெனியில் பற்றவைத்த ஸ்பாட் வெல்டு புள்ளிகள் வரிசையாக இருக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பேன். அடி முனையில் சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் மழைக்குப் பிறகு சென்னை நம்பர் வண்டி எது வந்தாலும் முதல் வேலையே அதுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. மீட்டர் முப்பதாயிரம் காட்டும், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். அங்கே பேச்சு நின்றுவிடும்.

உங்கள் ஊர் ஆசிரியை ஒருவர் ஒரு முறை வந்தார். முன் பம்பரில் கீறல், இடது கதவில் ஒரு நசுங்கல், அப்படியே கொண்டுவந்திருந்தார். கையில் ஒரு ஃபைல். எட்டு வருட சர்வீஸ் பில், பஞ்ச் போட்டு, தேதி வாரியாக. பேட்டரி மாற்றிய ரசீதுகூட இருந்தது. நான் முதலில் நினைத்ததைவிட 20,000 கூட்டிப் போட்டேன். அந்த ஃபைல் இருந்தால் அடுத்து வாங்க வருகிறவரிடம் எனக்குப் பேச வேண்டிய வேலையே இல்லை, அதுதான் காரணம்.

நன்றாகக் கழுவி, உள்ளே துடைத்து, இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி ஒன்றுதான் என்றால் கண்டிப்பாகக் கழிப்பார்கள். எஞ்சின் மேல் டீசல் தடவிப் பளபளப்பாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த காருக்கு, ஓசூரில் சிக்னல் தாண்டியதாக என் செல்போனுக்கு அபராதம் வந்திருக்கிறது. நான் ஓசூருக்குப் போனதே இல்லை. கட்ட வேண்டுமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி இன்னும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் பெரிய விஷயம்.

இதில் நானும் அடிபட்டவன். ஊருக்கெல்லாம் விலை போட்டுக்கொண்டிருந்தவன், சொந்த வண்டியை வெளியே ஒரு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட பெயர் மாற்ற ஃபாரம் 29-ஐயும் 30-ஐயும் தேதி போடாமல் கொடுத்தேன். "பார்ட்டி வந்ததும் மாற்றிக்கலாம் சார்" என்றார். ஒன்றரை வருடம் கழித்து விபத்து நஷ்ட ஈட்டு வழக்கில் எனக்குச் சம்மன் வந்தது. வண்டியில் இன்சூரன்ஸும் இல்லை. வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டின் நகல் ஒன்று பீரோவில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்த அலைச்சல் என் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும்.

விற்றுவிட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் முதல் ஆளிடமே நின்றது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு இன்றைய பதிவு விவரத்தைப் பார்த்து எடுத்து வையுங்கள். ஷோரூமில் கொடுத்த டெலிவரி நோட்டைத் தேடுங்கள். அதன் நகலோடு ஷோரூமுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம், உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம், விற்ற தேதியும் நேரமும் எழுதி. போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைத் தொலைக்காதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதை ஷோரூம் பார்த்துக்கொள்ளும் என்று நீங்களும் நானும் விட்டதுதான் தப்பு.

இனிமேல் கொடுப்பவர்களுக்கு ஒரு வழி வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கிய பழைய வண்டி டீலர் என்று ஒரு வகை உண்டு. அவரிடம் கொடுக்கும்போது, வண்டியை ஒப்படைத்ததைத் தெரிவிக்கிற ஃபாரம் 29-சி ஆன்லைனில் பதிவாகிவிட்டால், அதன் பிறகு அந்த வண்டிக்கு உரிமையாளர் மாதிரி அவரே பொறுப்பு. "உங்களிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா, 29-சி போடுவீர்களா?" என்று கேளுங்கள். புரோக்கரைவிடப் பதினைந்தாயிரம் குறைவாகக் கொடுத்தாலும் 29-சி போடுகிற இடத்தில்தான் நான் கொடுப்பேன்.

கேள்வி: பழைய காருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, அதனால் உங்கள் விலையில் கழிக்கிறோம் என்கிறார் சேல்ஸ்மேன். உண்மையா?
— வாசகர், ஈரோடு

பதில்: 18 சதவீதம் உண்மை, 2025 ஜனவரியிலிருந்து. ஆனால் தம்பி, அது உங்கள் வண்டி விலைக்கு இல்லை. டீலர் உங்களிடம் 3,15,000-க்கு வாங்கி 3,65,000-க்கு விற்றால், நடுவில் உள்ள 50,000-க்குத்தான் வரி, அதைக் கட்ட வேண்டியவரும் அவர்தான். பழைய வண்டி விலை இறங்கியதற்கு வேறு காரணம் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம்: 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆனது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே செய்யும்.

கேள்வி: லோன் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. எக்ஸ்சேஞ்ச் பண்ண முடியுமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: முடியும். வங்கியில் முன்கூட்டி முடிக்கிற தொகைக்குக் கடிதம் வாங்குங்கள். ஷோரூம் அதை வங்கிக்குக் கட்டிவிட்டு மீதியை உங்கள் கணக்கில் வைக்கும். பணம் கட்டியதோடு விட்டுவிடாமல், வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) ஃபாரம் 35-உம் வந்து, ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், ஹெச்.பி. என்கிற கடன் குறிப்பு நீங்கியதா என்று பாருங்கள். அது நீங்காமல் பெயர் மாறாது. பெயர் மாறாவிட்டால் என்ன ஆகும் என்று கும்பகோணத்துக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பா வாங்கிய 2008 கார், ஆர்.சி. அவர் பெயரிலேயே இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் 35,000-தான் என்கிறார்கள். கொடுக்க மனசில்லை.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மனசுக்கு நான் விலை போட முடியாது. ஓட்டுவதாக இருந்தால் ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகத்தான் கொடுப்பார்கள், கட்டணம் 2022-லேயே 600-இலிருந்து 5,000 ஆகிவிட்டது. அப்பா பெயரிலேயே ஆர்.சி. இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் பெரும்பாலும் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை என்றால் ஒத்துக்கொள்வார்கள். உறவுக்கு ஆதாரம் கேட்பார்கள். உடைக்கக் கொடுப்பதாக இருந்தால் அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். தெருமுனைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டால் வண்டி போய்விடும், ஆர்.சி. மட்டும் உயிரோடு இருக்கும்.

கேள்வி: வண்டியை ஒப்படைக்கும் அன்று எதை மறக்கக் கூடாது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லிவிட்டு, கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. மறந்த ஒருவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பரனூர் சுங்கச்சாவடியில் அவர் பணம் கழிந்தது. ஸ்டீரியோவில் உங்கள் செல்போனை இணைத்திருந்தால் அழித்துவிடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் பழைய இன்சூரன்ஸ், மருந்துச் சீட்டு, பென்டிரைவ்.

அப்புறம் சாமி. டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. நாங்கள் குப்பையில் போடவும் மனம் வராது, அடுத்தவர் வண்டியில் விடவும் முடியாது. நான் வேலையை விட்டு வந்தபோது என் மேஜை டிராயரில் ஏழு பிள்ளையார், இரண்டு முருகன், ஒரு வேளாங்கண்ணி மாதா, காபா படம் போட்ட ஒரு சாவிக்கொத்து இருந்தன. பதினோரு வருடத்தில் தேடிக்கொண்டு திரும்பி வந்தவர் ஒரே ஒருவர், அந்தக் காரைக்குடி ஆசிரியை.